திரும்பி வந்த சரக்கு

ஹெஸ்டர் என்றொருத்தி கடைக்கு வந்தாள்.
நீண்ட விரல்கள், ஒட்ட வெட்டிய நகம்.
எட்டு மில்லிமீட்டர் போல்ட் வேண்டும் என்றாள்.
எத்தனை என்றேன்.
கேட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள்.

யாரிடம் கேட்பாள் என்று நான் நிமிர்வதற்குள்
இழுப்பறையிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து
மேசை விளிம்பில் தட்டி
காதோடு வைத்துக் கேட்டாள்.

மாரிட்ஸ்பர்க்கில், சர்ச் தெருவில்
பத்தொன்பது வருடமாய் இரும்பு விற்கிறேன்.
விலை கேட்பார்கள், எடை கேட்பார்கள்,
கடன் கேட்பார்கள்.
இரும்பைக் கேட்டவர் இல்லை.

பதினொன்று எடுத்தாள்.
வாடகைக்குத் தருவீர்களா என்றாள்.
போல்ட்டை எவன் வாடகைக்கு விடுவான்?
விட்டேன்.
கூடவே லாரியின் பழைய பிரேக் டிரம் ஒன்று.
கதவு காற்றில் அடிக்காமலிருக்க
வாசலில் கிடந்தது அது.
அதைத்தான் வெகுநேரம் கேட்டாள்.

மறுநாள் மூன்றை மாற்றிக்கொள்ள வந்தாள்.
என் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு பத்தி உண்டு.
துரு. அளவு தவறு. மரை தேய்ந்தது.
மனைவி வேண்டாமென்றாள்.
இவள் சொன்னதையும் அப்படியே எழுதினேன்:
சுருதி சேரவில்லை.

வெள்ளிக்கிழமை.
எட்டு மணிக்கு மின்தடை என்று அட்டவணை சொன்னதால்
ஆறுக்கே தொடங்கிவிட்டார்கள்.
நூறு நாற்காலி, இருபத்துமூன்று பேர்,
அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

நொக்வாஸி கிளாரினெட்டை ஊதினாள்.
நாதம் வரவில்லை, மூச்சு மட்டும் வந்தது.
அப்படித்தான் எழுதியிருந்ததாம்.
செல்லோக்காரன் தந்தியை விட்டுவிட்டு
மரத்தில் வில்லைத் தேய்த்தான்.
பக்கத்தில் இருந்த பல் டாக்டர் மூன்சாமி
'என் தொழிலைக் கிண்டல் செய்கிறார்கள்' என்றார்.

பிரேக் டிரம்மைச் சிவப்புக் கயிற்றில் தொங்கவிட்டு
கம்பளி சுற்றிய கோலால் தொட்டார்கள்.
கதவைப் பிடித்துக் கிடந்த காலமெல்லாம்
இதுவும் அதற்குள் இருந்திருக்கிறது.

பிறகு ஹெஸ்டர்.
பியானோவின் வயிற்றுக்குள், தந்திகளின் இடுக்கில்
என் பதினொன்று.
ஒரு கட்டையை அழுத்தினாள்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ஜூலையில், ஷட்டரைக் கிழித்து நுழைந்த இரவு,
எதிர்ப்பக்கம், மருந்துக்கடை மாடியில்
விளக்கணைத்து உட்கார்ந்திருந்தேன்.
டிவி தேடி வந்தவர்களுக்கு
என் இழுப்பறைகளில் என்ன இருக்கிறது?
ஒவ்வொன்றாய் உருவிக் கவிழ்த்தார்கள்.
நாற்பது இழுப்பறை. சிமெண்டுத் தரை.
அவர்கள் போன பிறகும்
ஏதோ ஒன்று உருண்டுகொண்டே இருந்தது.

என்ன போயிற்று என்று போலீஸ் கேட்டது.
பட்டியல் கொடுத்தேன்.
காப்பீட்டுக்காரர் கேட்டார்.
அதே பட்டியல்.
என்ன கேட்டது என்று யாரும் கேட்கவில்லை.

ஹெஸ்டருக்கு இதெல்லாம் தெரியாது.
எழுதியவர் ஏதோ பனிநாட்டுக்காரர்,
உறைந்த ஏரி விரிசல் விடுவதாம்,
தாளில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள்.
இருக்கட்டும்.
ஒன்று விழுந்தது.
அது அடங்கும்வரை ஐந்து பேரும் அசையாமல் இருந்தார்கள்.
அப்புறம்தான் அடுத்தது.
அந்த இரவில் எதுவும்
எதற்கும் காத்திருக்கவில்லை.

மூன்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார்.
ஒன்றும் கேட்காமல்
இருமல் மிட்டாய் ஒன்றை நீட்டினார்.
இருமல் இல்லை. வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை துணிப்பை வந்தது.
எண்ணினேன், பத்து.
ஒன்று பியானோவுக்குள் எங்கோ நழுவிவிட்டது,
மன்னியுங்கள் என்றாள் போனில்.

வரும் சனிக்கிழமை அதே மண்டபத்தில்
ஒரு கல்யாண வரவேற்பு.
கோட்டு போட்ட ஒருவர் வால்ட்ஸ் வாசிப்பார்.
கேக் வெட்டும் நேரத்தில், இடது கைப்பக்கம்,
ஒரு கட்டை மட்டும் கரகரவென்று பேசும்.
அவர் மறுபடி அழுத்திப் பார்ப்பார்.

விலை இரண்டு ராண்ட் நாற்பது சென்ட்.
நான் கேட்கவில்லை.